செயலற்ற கணக்கு குறித்து

ஐயா,
தங்கள் கடிதம் கிடைத்தது.
டோக்கரேரே பள்ளத்தாக்கு ரக்பி யூனியன் லீக்
இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.
இரண்டு கட்டங்கள்: ‘இயங்குகிறது’, ‘கலைக்கப்பட்டது’.
ஒன்றில் குறியிட வேண்டுமாம்.
பேனாவை மூடிவிட்டுத்
தேநீர் போடப் போனேன்.

தொடங்கியது இருபத்தாறில்.
மில், ரயில்வே, படகுத்துறை, மேல்கரை.
நான்கு அணிக்கும் ஒரே பந்து.
சனிக்கிழமை காலை அது பால் லாரியில் ஏறி வரும்.
லாரி படுத்துவிட்டால் ஆட்டமும் படுத்துவிடும்.
முதல் இறுதிப் போட்டிக்கு மேல்கரைக்காரர்கள்
ஆட்டுக்கு அடையாளமிடும் தாரால் முதுகில் எண் எழுதி வந்தார்களாம்;
பிடித்தவன் கையிலெல்லாம் எட்டும் ஐந்தும்.
நான் பிறக்கவில்லை அப்போது. பதிவேட்டில் இருப்பது
‘சோப்பு, நான்கு ஷில்லிங்’ மட்டும்.

நாற்பது முதல் நாற்பத்தைந்து வரை வெற்றுப் பக்கங்கள்.
யாரோ தேதி மட்டும் போட்டிருக்கிறார்,
ஒரு சனிக்கிழமையும் விடாமல்.
அதன்பின் படகுத்துறைக்கு மிஞ்சியது ஒன்பது பேர்.
ஸ்க்ரம்முக்கு எட்டு, ஓடுவதற்கு ஒருவன்.
அப்படியும் இரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள்.

ஐம்பத்தொன்றில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள்,
ரயில்வே போயிற்று.
அறுபத்திரண்டில் பாலம் வந்தது,
படகுத்துறை போயிற்று.
பாலத்தைக் குறை சொல்லமாட்டேன்.
என் பல் டாக்டர் அக்கரையில் இருக்கிறார்.

அறுபத்தெட்டில் என்னைச் செயலாளராக்கினார்கள்.
டைப் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.
கூட்டம் முடிந்து பீப்பாய் திறக்கும் நேரம்
‘நன்றி, நோலீன்’ என்பார்கள்.
கதவு அந்தப் பக்கம் என்று அர்த்தம்.
ஆகவே என் குறிப்புகளில் இந்த லீக்
ஒருநாளும் குடித்ததில்லை.

எழுபத்தெட்டில் மில்லை மூடினார்கள்.
பெயரை மட்டும் பையன்கள் வைத்துக்கொண்டார்கள்.

எண்பத்து மூன்று இறுதிப் போட்டி பற்றிச் சொல்லவேண்டும்,
உங்கள் படிவத்தில் இடமில்லை, ஆனாலும்.
மில்லுக்குப் பதினொன்று, மேல்கரைக்குப் பதினொன்று,
மீதி டமாட்டி கெரேகெரே.
பூட்டிய மில்லின் காவலாளி; பெண் எடுத்தது மேல்கரையில்.
நடுவர் வொடனோவிச் ஒரு முறைக்கு இரு முறை தலையெண்ணிவிட்டு,
முன்பாதி அங்கே, பின்பாதி இங்கே என்றார்.
டமாட்டி அங்கே ஒரு ட்ரை வைத்தான்.
சட்டையை மாற்றிக்கொண்டு வந்து
இங்கே ஒரு ட்ரை வைத்தான்.
வேறு யாரும் ஒன்றும் வைக்கவில்லை.
நாலுக்கு நாலு.
இரண்டு மைத்துனர்கள் அவனோடு ஒரு மாதம் பேசவில்லை,
அணிக்கு ஒருவராக.

மறு ஆட்டம் அடுத்த ஜூலையில்.
காலையில் கோடு போடச் சுண்ணாம்பு வாளியோடு போனேன்.
மைதானத்தில் முழங்கால் தண்ணீர்,
பாலத்தில் இரண்டு கண் காணோம்,
எதிர்க்கரையில் பதினொரு பேர் மழையில் நின்று
கையாட்டிக்கொண்டிருந்தார்கள்.
நானும் ஆட்டினேன்.
பதிவேட்டின் கடைசி வரி என் கையெழுத்து:
‘வெள்ளம். ஒத்திவைக்கப்பட்டது.’
தேதி போடவில்லை.

விதி பதினான்கு: லீக்கைக் கலைக்க
மூன்று கிளப்புகளின் பிரதிநிதிகள் ஒப்பமிட வேண்டும்.
எங்களிடம் இருந்தது இரண்டு.
இப்போது அதுவும் இல்லை.
இன்னொரு கையொப்பதாரர் வொடனோவிச்,
குயின்ஸ்லாந்தில் புதைந்திருக்கிறார்.
கோப்பை பெட்ரோல் பங்கில் இருக்கிறது,
கழிப்பறைச் சாவியை அதில்தான் போட்டு வைக்கிறார்கள்.
நான் எடுத்து வரவில்லை.
அது பயன்படுகிறது.

ஆகவே இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டிருக்கிறேன்.

மீதம் முந்நூற்றுப் பதினெட்டு டாலர்.
மாதம் ஒரு டாலர் கட்டணம் பிடிப்போம் என்கிறீர்கள்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
இருபத்தாறரை வருடம் வரும்.
ரயில்வே அணி இருந்ததே இருபத்தைந்துதான்.
பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
நோலீன் ஆர்ச்சிஸ்டன்,
செயலாளர்.

சுண்ணாம்பு இன்னும் அரை மூட்டை இருக்கிறது.
கட்டிதட்டிவிட்டது.
சொத்துப் பட்டியலில் அதைச் சேர்க்கவேண்டுமா?